பார்த்தது வேறு, நினைத்தது வேறு: கடல் உயிர்களின் மனதைக் கவனிக்கவும் படமெடுக்கவும் தொடங்குபவர்களுக்கு

பாறை இடுக்கில் ஓர் ஆக்டோபஸ். அதற்கு முன்னால் நீங்கள் அசையாமல் மிதந்துகொண்டிருக்கிறீர்கள். கால் மணி நேரம் போகிறது. பிறகு ஒரே ஒரு கை மெல்ல வெளியே வந்து, கேமராவின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. கரையேறியதும் எதிரில் வருபவரிடம் என்ன சொல்வீர்கள்? "என்னோடு கைகுலுக்கியது" என்றுதான் வாயில் வரும்.

ஆனால் நீங்கள் பார்த்தது என்ன? ஒரு கை வந்தது, தொட்டது, திரும்பியது. கைகுலுக்கல் நீங்கள் சேர்த்தது. ஆக்டோபஸின் உறிஞ்சிகள் தொடும்போதே சுவையும் பார்ப்பவை. அதன் உடலில் உள்ள சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. அந்தக் கை 'இது தின்னக்கூடியதா' என்று சோதித்திருக்கலாம். புதுப் பொருள் ஒன்றை ஆராய்ந்திருக்கலாம். இந்த இரண்டுமே கைகுலுக்கலைவிட எனக்கு வியப்பானவை, ஏனென்றால் அவை நம்முடையதல்லாத ஒரு மனதைக் காட்டுகின்றன.

விலங்கு மனதைப் படிக்கும்போதும் அதைப் படமாக்கும்போதும் வேண்டிய பயிற்சி ஒன்றுதான்: பார்த்ததையும் நினைத்ததையும் தனித்தனியே வைத்திருப்பது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. ஒரே விலங்கு, ஒரே இடம்

தொடங்கும்போதே திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் போகாதீர்கள். அவற்றின் வாழ்க்கையில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடக்கிறது. படகேறி நாள் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைப்பது சில நிமிடங்கள். மனதைப் பற்றிப் பேச அது போதாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்க்கக் கிடைக்கும் உயிரே முதல் விலங்கு. கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் இருக்கும், காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, அதே குழியில் வாழும் சிறு மீன், பவளப் பாறைக்குப் போக வாய்ப்பிருந்தால் துப்புரவு மீன். கடலே அருகில் இல்லையா? பெரிய மீன் காட்சியகங்கள் சில தங்கள் தொட்டிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. கண்ணைப் பழக்க அதுவே போதும்.

துப்புரவு மீனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். விரல் நீளமே உள்ள மீன் அது. பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்க, அது அவற்றின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, பெரிய மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான சளி. அதனால் அவ்வப்போது ஏமாற்றிக் கடிக்கும். கடிபட்ட மீன் துள்ளும், சில நேரம் விட்டுவிட்டுப் போய்விடும். வேறொரு மீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஏமாற்று குறைகிறது என்று சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே மீனின் தொண்டையில் ஒரு பழுப்பு அடையாளம் இட்டுக் கண்ணாடி முன் விட்டார்கள். கண்ணாடியில் பார்த்த பிறகு அது தொண்டையை அடித்தரையில் உரசியது. கண்ணாடியில் தெரிவது தானே என்று விலங்குக்குப் புரிகிறதா என்று பார்க்க, உளவியலாளர் கார்டன் கேலப் 1970-ல் சிம்பன்சிகளிடம் செய்த சோதனையின் வழி வந்தது இது. ஒரு சிறு மீன் அதில் தேறிவிட்டால் 'தன்னை அறிதல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒரே மீனை ஒரே இடத்தில் பார்ப்பவர் அந்த விவாதத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

2. படிக்க வேண்டியவை, குறைவாகவே

நூலகம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றில்லை. மூன்று செய்திகள் மனதில் இருந்தால் போதும்.

முதலாவது ஹான்ஸ் என்ற குதிரை. பெர்லினில் கணக்குப் போட்டுக் காட்டிப் புகழ்பெற்ற குதிரை அது. விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்து 1907-ல் எழுதினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் மிக நுட்பமாக அசைந்தது. குதிரை படித்தது அந்த அசைவை. கணக்கு வராவிட்டாலும் மனிதரைப் படிக்கும் அபாரமான திறமை அதற்கு இருந்தது, அதையும் மறக்கக் கூடாது. கடலிலும் இதே கதைதான். நீங்கள் திரும்பும் திசை, விடும் குமிழிகள், நீட்டும் கேமரா எல்லாம் விலங்குக்குச் செய்திகள். அது செய்வதில் ஒரு பகுதி உங்களுக்கான பதில்.

இரண்டாவது, உளவியலாளர் லாயிட் மார்கன் 1894-ல் வகுத்த விதி. ஒரு செயலை எளிய மனத் திறனால் விளக்க முடியும் என்றால், உயர்ந்த திறனைக் கொண்டு விளக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல கடிவாளம். ஆனால் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தே ஒரு நூற்றாண்டு போனது. விலங்குக்கு மனமே இல்லை என்று முன்கூட்டி முடிவுகட்டுவதும் அதே அளவு பிழைதான் என்று குரங்கின ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால் தொடர்ந்து வாதாடினார். நான் அவர் பக்கம். சந்தேகம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963-ல் முன்வைத்த நான்கு கேள்விகள். எந்தச் செயலைப் பார்த்தாலும் இவற்றைக் கேளுங்கள்: இப்போது இதைத் தூண்டியது எது? இந்த உயிரின் வாழ்நாளில் இது எப்படி வளர்ந்து வந்தது? இது அதன் பிழைப்புக்கு எப்படி உதவுகிறது? பரிணாமத்தில் இது எங்கிருந்து வந்தது? 'ஏன் அப்படிச் செய்தது' என்று மொத்தமாகக் கேட்டால் நான்கும் குழம்பிவிடும். பிரித்துக் கேட்டால் எதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது உடனே தெரியும்.

நல்ல சோதனை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் 2021-ல் வெளியான கணவாய் ஆய்வைத் தேடிப் படியுங்கள். உடனே கிடைக்கும் சுமாரான இரையை விட்டுவிட்டு, பிடித்த உயிர் இறாலுக்காகக் கணவாய்கள் 50 முதல் 130 வினாடி வரை காத்திருந்தன. காத்திருக்க முடிந்தவை கற்பதிலும் தேர்ந்தவையாக இருந்தன. 'பொறுமை' என்ற பெரிய சொல்லை அந்த ஆய்வாளர்கள் எவ்வளவு சிறிய, அளக்கக்கூடிய செயலாக மாற்றினார்கள் என்று கவனியுங்கள்.

3. நோட்டுப் புத்தகம்

கேமராவுக்கு முன்னால் இது. முதல் மூன்று, நான்கு முறை கேமராவே வேண்டாம்.

முதலில் செயல் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். உங்கள் விலங்கு செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வரி விளக்கம். விளக்கம், வேறொருவர் படித்துவிட்டு அதே செயலை அடையாளம் காணும்படி இருக்க வேண்டும். 'பயந்தது' என்பது செயல் அல்ல. 'ஓட்டுக்குள் முழுவதும் சுருங்கியது, கொடுக்கால் வாயிலை அடைத்தது' என்பது செயல்.

இப்படி ஒரு குறிப்பு: "நண்டு புது வீடு தேடி அலைந்தது. ஒன்று பிடித்தது, ஆனால் தயங்கியது, பிறகு துணிந்து மாறியது." இதையே இப்படி எழுதலாம்: "காலை 6.42. வெற்றுச் சங்கைத் தொட்டது. கொடுக்கை உள்ளே விட்டது, 3 முறை. சங்கை உருட்டியது. 20 வினாடி அசைவில்லை. பழைய ஓட்டை விட்டு வெளியே வந்து புதியதில் பின்பக்கமாக நுழைந்தது." இரண்டாவதில் தயக்கமும் துணிவும் இல்லை. ஆனால் 20 வினாடி இருக்கிறது. பத்து நண்டுகளிடம் இதை எழுதினால், சங்கு பெரிதாக இருக்கும்போது அந்த 20 வினாடி நீள்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தயக்கம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் எலும்பும் சதையும் வரும்.

பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. நினைத்ததை எழுதாமல் விடச் சொல்லவில்லை. எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். இடம் மட்டும் மாறக் கூடாது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கும் முறை உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை இத்துறையினர் எல்லாரும் கைக்கொள்ளும் முறைகளைத் தொகுத்துத் தந்தது. அதில் தொடக்கக்காரருக்கு இரண்டு போதும். ஒரே விலங்கைத் தேர்ந்தெடுத்து 10 அல்லது 15 நிமிடம் அது செய்வதை எல்லாம் குறிப்பது ஒன்று. நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது இன்னொன்று. கண்ணில் பட்டதை எல்லாம் தோன்றியபோது எழுதுவது எல்லாருக்கும் பிடித்த வழி, ஆபத்தான வழியும் அதுதான். சண்டையும் வேட்டையும் மட்டும் நோட்டில் ஏறும், சும்மா கிடந்த நேரம் ஏறாது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதும் ஒரு பதிவு.

வாய்ப்பிருந்தால் நண்பர் ஒருவரோடு ஒரே காட்சியைத் தனித்தனியே குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் முரண்படுகிறீர்களோ அங்கெல்லாம் செயல் பட்டியலின் விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள். பதிவான வீடியோவைப் பார்த்துக் குறிக்க போரிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம், தனி விலங்கை அடையாளம் காண்பது. திருக்கை இனத்தில் பெரிய மான்டாவுக்கு வயிற்றுப் புள்ளிகள், கூனல் முதுகுத் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்புறம், திமிங்கிலச் சுறாவுக்கு உடல் புள்ளிகள். இந்தச் சுறாப் புள்ளிகளைப் பொருத்திப் பார்க்க, வானியலாளர்கள் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடப் பயன்படுத்திய கணக்குமுறையையே மாற்றியமைத்தார்கள். ஆக்டோபஸ் கடினம், நிறமும் தோலின் வடிவும் நொடியில் மாறும். வெட்டுப்பட்ட கை அடையாளமாக உதவும், ஆனால் அது மீண்டும் வளர்ந்துவிடும்.

4. தண்ணீரில் உடல்

மேலிருந்து பார்க்க, முகத்தை நீருக்குள் வைத்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாய் போதும். ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது, வேண்டுமானால் முறையான பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு இறங்குங்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம். சிலிண்டர் காற்றில் மூச்சுவிடும்போது மூச்சை அடக்கக் கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். மூச்சடக்கி மூழ்குபவர்கள் முன்னதாக வேக வேகமாக மூச்சிழுப்பது உயிரைப் பறிக்கும். மூச்சு முட்டும் உணர்வு வரும் முன்பே மயக்கம் வந்துவிடும். கேமரா கையில் வந்ததும் காற்றளவைப் பார்க்க மறந்துபோகும். அதனால்தான், மேலும் கீழும் போகாமல் ஓரிடத்தில் மிதக்க உடல் தானாகவே பழகிய பிறகு கேமரா எடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

எதையும் தொடாதீர்கள். நீல வளைய ஆக்டோபஸ், கல்மீன், கூம்புச் சங்கு ஆகியவை மனிதரைக் கொல்லக்கூடியவை என்பது ஒரு காரணம். உங்கள் துடுப்புப் பட்டாலே பல ஆண்டு வளர்ந்த பவளம் உடையும் என்பது இன்னொரு காரணம். இரை போட்டு அழைக்காதீர்கள், இரைக்காக வரும் விலங்கிடம் உங்கள் ஆய்வு அப்போதே முடிந்துவிட்டது. ஆமை மேலே வருவது மூச்சுக்காக, அதன் வழியை மறிக்கக் கூடாது. டால்பின்கள் திசை மாறினால், வாலால் நீரை அறைந்தால், குட்டியை நடுவில் விட்டு ஒன்றோடொன்று நெருங்கினால் விலகுங்கள். ஆக்டோபஸ் வெளிறினாலோ, மை விட்டாலோ, வாசலில் கற்களை இழுத்து அடைத்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கடல் பூங்காக்களிலும் திமிங்கிலங்களை நெருங்குவதிலும் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதியும் தூர விதிகளும் உண்டு, இறங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. கேமரா

நீருறை போட்ட சிறிய ஆக்‌ஷன் கேமராவே தொடங்கப் போதும். பணம் மிச்சமிருந்தால் விளக்கில் போடுங்கள். நீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது, 5 முதல் 10 மீட்டருக்குள் அது பெரும்பாலும் போய்விடும், பிறகு எல்லாம் நீலமும் பச்சையும்தான். ஆழம் மாறும்போதெல்லாம் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பை, சரிசெய்யுங்கள். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் பனிபோல் ஒளிரும், பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள்.

எடை கட்டிய சிறு டிரைபாடில் கேமராவை வெறும் மணலில் நிறுத்திவிட்டு நீங்கள் விலகிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஹான்ஸ் குதிரையின் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. குமிழியும் இல்லை, நிழலும் இல்லை. ஒரு மணி நேரப் பதிவில் முதல் கால் மணி நேரம் விலங்கு கேமராவுக்குப் பழகும், அதன் பிறகு வருவது அதன் சொந்த வாழ்க்கை.

கையில் பிடித்து எடுக்கும்போது, செயல் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் குறைந்தது 10 வினாடி சேர்த்து எடுங்கள். இடத்தைக் காட்டும் வைட் ஷாட், முழு உடல், குளோசப், பிறகு அது எதை நோக்கியிருக்கிறதோ அந்தப் பொருள். கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆக்டோபஸின் மனம் கைகளில் தெரிகிறது, கணவாயின் மனம் தோலில் தெரிகிறது.

ஒலியையும் விடாதீர்கள். பவளப் பாறை நீருக்கடியில் இடைவிடாமல் படபடவென்று பொரியும். பெரும்பாலும் அது கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் சத்தம். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கடல் உயிர்கள் பலவற்றின் உலகம் காதால் ஆனது. ஹைட்ரோஃபோன் என்ற நீருக்கடி மைக் ஒன்று இருந்தால் உங்கள் படத்துக்கு இன்னொரு கதவு திறக்கும்.

6. எடிட்டிங்

எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், இன்னொருமுறை சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் கண்டார்கள் என்பார்கள். வெட்டி ஒட்டும் இடத்தில் மனம் பிறக்கிறது, ஆனால் அது பார்ப்பவரின் மனதில் பிறக்கிறது. மீனின் கண், அடுத்து ஆக்டோபஸ், மறுபடி மீனின் கண். உடனே 'மீன் யோசிக்கிறது' என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். அந்த இரண்டு ஷாட்டும் வேறு வேறு நாளில் எடுத்ததாகக்கூட இருக்கலாம்.

ஆகவே விலங்கின் மனதைப் பற்றிய படத்தில் ஒவ்வொரு வெட்டும் ஒரு கூற்று. நான் சொல்லும் விதி எளிது: ஒரு விலங்கு எதையோ கண்டு, எதையோ செய்தது என்று உங்கள் படம் சொல்வதானால், தூண்டுதலும் செயலும் ஒரே சட்டகத்தில், வெட்டில்லாமல், ஒருமுறையாவது வர வேண்டும். அந்த ஷாட் இல்லையா? அந்தக் கூற்றைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஷாட் மங்கலாக, ஆடிக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை, சேருங்கள்.

1958-ல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய ஓர் இயற்கை ஆவணப்படத்தில் லெமிங் என்ற சிறு எலி வகை கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டினார்கள். விலங்குகளை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, பாறை விளிம்பிலிருந்து தள்ளி எடுத்த காட்சி அது என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அந்த நம்பிக்கை இன்னும் மக்களிடம் உயிரோடு இருக்கிறது. படத்தின் வலிமை அப்படிப்பட்டது.

பின்னணிக் குரலை எழுதும்போது நோட்டின் இடது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வலது பக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் அது உங்கள் எண்ணம் என்று தெரியும்படி சொல்லுங்கள். தூங்கும் ஆக்டோபஸ் ஒன்று நிறம் மாறும் காட்சி 2019-ல் உலகம் முழுவதும் பரவியது, அது கனவு காண்கிறது என்று எல்லாரும் பேசினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் ஆக்டோபஸுக்கு அமைதியான தூக்கம், துடிப்பான தூக்கம் என்று இரண்டு நிலைகள் உண்டு என்றும், துடிப்பான நிலையில் மூளையின் இயக்கம் விழித்திருக்கும்போது உள்ளதை ஒத்திருக்கிறது என்றும் காட்டின. கனவா என்பது இன்னும் திறந்த கேள்வி. 'கனவு காண்கிறது' என்று முடிப்பதைவிட அந்தக் கேள்வியோடு விட்டால் பார்ப்பவர் இரவு முழுக்க அதைச் சுமந்துகொண்டிருப்பார்.

இசையை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உணர்ச்சி முழுவதும் வயலினில்தான் இருந்தது என்றால், காட்சியில் இன்னும் வேலை பாக்கி.

7. பகிர்தல்

மூன்று நிமிடப் படம் ஒன்றில் ஒரே ஒரு செயலைக் காட்டுங்கள். வெளியிடும் முன் அந்தக் கடலை நாள்தோறும் பார்க்கும் மீனவர் ஒருவரிடமும், அந்த உயிரை ஆய்வு செய்யும் ஒருவரிடமும் காட்டுங்கள். இருவரும் வேறு வேறு பிழைகளைக் கண்டுபிடிப்பார்கள். கடல்குதிரை, ஆக்டோபஸ் வளை போன்றவற்றின் துல்லியமான இடத்தைச் சொல்லாதீர்கள். கேமரா கோப்பில் பதிவாகும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். உயிரின வகையையும் தனி விலங்கையும் அடையாளம் காண உதவும் பொதுத் தளங்கள் உண்டு. எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட், திமிங்கிலங்களுக்கு ஹேப்பிவேல். உங்கள் ஒரு படம் அங்கே தரவாக மாறும்.

வெட்டப்படாத மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். மீன் ஒன்று சிப்பியைப் பாறையில் அடித்து உடைத்த காட்சியைப் பலாவ் தீவுகளில் 2009-ல் பேராசிரியர் ஒருவர் நீருக்கடியில் படமெடுத்தார். அது 2011-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இந்தோனேசியக் கடலில் ஆக்டோபஸ்கள் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, பிறகு அவற்றுக்குள் ஒளிந்துகொண்ட காட்சிகளும் அப்படித்தான் 2009-ல் கருவிப் பயன்பாட்டுக்குச் சான்றாயின. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி, நேரம், ஆழம், விலங்கின் அடையாளம் இருக்கட்டும். இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். நோட்டின் பக்கங்களையும் போட்டோ எடுத்து அதே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள், இடது பக்கம் வலது பக்கம் இரண்டும் தெரியும்படி.